திரும்பிப் படுக்கக் கூடாத இரவு

கோட்டையூர் அடகுக்கடையில்
மீட்க ஆளில்லாமல் கிடந்த கிட்டார்.
இரண்டாயிரம் சொன்னார்கள்,
ஆயிரத்து முந்நூறுக்கு முடித்தேன்.
மேற்பலகை உப்பியிருந்ததைக்
கடைக்காரர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.
பேருந்தில் மடியில் கிடத்தியபோதுதான்
உள்ளங்கையில் தட்டியது:
பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு மேடு.
கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே
என் சுண்டுவிரல் தாராளமாய்ப் போய் வந்தது.

"எத்தனை மாசமாம்?"
என்றார் சிங்கராயர்,
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது அவருக்கு.
ஒன்பது வருசமாய் அந்தக் கேள்வியை
ஊர்தான் கேட்கும்.
கோயில் வாசலில் கேட்கும், தண்ணீர் லாரியில் கேட்கும்.
எங்கள் வீட்டுக்குள் வைத்து
இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் கல் போடுகிறவள்.
ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சு வைத்து
பச்சையும் காவியும் ஊற்றிப் பதினான்கு வருசம்.
மட்டம் என்றால் என்னவென்று
கண்ணைவிடக் கை முந்திச் சொல்லும்.

செல்போன் வெளிச்சத்தைத் துளைக்குள் இறக்கி
பவுடர் டப்பாக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன்.
அடிப்பலகையில் பென்சிலில் ஒரு பெயர்:
பா. இருளப்பன், பி.காம்., இரண்டாம் ஆண்டு.
அவனும் பார்த்திருக்கிறான் வைத்தியம்.
இரண்டு ஐஸ் குச்சி,
காய்ந்து மஞ்சளான பசைக்கட்டி.
குச்சியைப் பெயர்த்துவிட்டு
சீட்டு அட்டையைக் கத்தரித்துச் செருகினேன்.
பலகைக்கும் உள்விட்டத்துக்கும் இடையில்
அட்டை வழுக்கிக்கொண்டு போனது
மூன்று விரற்கடை.
ஆக, வீக்கமில்லை இது.
பிடித்துக்கொண்டிருந்தது விட்டுவிட்டது,
இழுக்கிறது மட்டும் விடவில்லை.
எவனோ தடித்த கம்பி மாட்டி
முறுக்கோ முறுக்கென்று முறுக்கியிருக்கிறான்.

சித்திரை வெயிலில் மொட்டைமாடியில்
உடைந்த பார்டர் கல் ஒன்றைக் காயவைத்தேன்.
இரண்டு மணிக்கு அது தோசைக்கல்.
துண்டில் சுற்றி மேட்டின்மேல் வைத்தேன்.
சூடு ஆறும், மறுபடி காய்ச்சுவேன்.
நாலாவது தடவையில்
மரம் லேசாய் முனகியது.

மாட்டு ஊசியில் பெவிகால்.
விட்டத்துக்கு உள்ளிருந்து முட்டாக
ஒரு போல்ட்டும் நட்டும்.
வெளியே கல். கல்மேல் அழுத்த என்ன?
சட்டமில்லை, பிடிப்பானில்லை.
எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன் கிட்டாரை.
கட்டில் பலகைக்கும் கல்லுக்கும் இடையில்
மூங்கில் சிம்புகளை வில்லாய் வளைத்து
ஏழு செருகினேன்.

"பாரம் மாறினா சிம்பு தெறிச்சிரும்.
காலையில வரைக்கும் யாரும் அசையப்படாது."
மூன்று நாளில்
நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

படுத்தோம், பெட்டியில் வைத்தாற்போல்.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.
பன்னிரண்டுக்கு மேல்
அவர் கை நகர்ந்து வந்து
என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றது.
"புத்தியில்லாமச் சொல்லிட்டேன் ஞானப்பூ."
"அசையாதீக."
"வாய்தான் அசையுது."
சிரிப்பு வந்தது எனக்கு, அடிவயிற்றிலிருந்து.
அடக்க அடக்கக் கட்டில் குலுங்கியது.
கீழே ஒரு சிம்பு டப்பென்று தெறித்துச்
சுவரில் மோதிய சத்தம்.
ஆறு போதும் என்றேன்.

காலையில் சீட்டு அட்டை நுழையவில்லை.
இரும்பு அடிக்கோலை வைத்து
வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்த்தேன்.
இருக்கிறது இன்னும்,
ஒரு மயிரிழை உயரம்.
கல்லாக இருந்தால் கழித்துப் போட்டிருப்பேன்.
கல்மேல் நடக்க வேண்டும், அதற்கு மட்டம் வேண்டும்.
இது கம்பி இழுக்கிற இழுப்புக்கு
கொஞ்சம் எழும்பித்தான் நிற்கும்.
விட்டுவிட்டேன்.

காரைக்குடியில் வாங்கிய மெல்லிய கம்பி ஆறு.
ஒவ்வொன்றாய் முறுக்க முறுக்கப்
பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.
"என்னமாச்சும் கேக்குதா?"
"பொறு," என்றார்,
கண்ணை மூடிக்கொண்டு.